அவருக்கு மிஞ்சிய பதினோரு பாட்டு

என் கணவருக்குப் பேச்சு போய் இரண்டு வருடம் ஆகிறது. பாட்டு போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே முதலில் நம்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத மனுஷன், ஒரு இங்கிலீஷ் ஆல்பத்தின் பதினோரு பாட்டையும் ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார். எனக்கு அதில் ஒரு பாட்டுக்கும் முழுசாக அர்த்தம் தெரியாது. தாலுகா ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். இங்கிலீஷில் தட்டுவேன், கடிதம் வந்தால் படித்துப் புரிந்துகொள்வேன். அதையே ஒருவர் இழுத்து இழுத்துப் பாடினால் எனக்கு ஒன்றும் பிடிபடாது.

பாடியவர் இங்கிலாந்துக்காரர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர். இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டார். அங்கே பெரிய பெயர் என்று என் மகள் சொல்வாள். கிடார், கொஞ்சம் பியானோ, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று பயந்து அடிப்பதுபோல ஒரு டிரம்ஸ். என்னைக் கேட்டால் அதைப் பாட்டு என்றே சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று போனில் யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

என் கணவர் அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தவர். உடன் தங்கியிருந்தவர் அறையைக் காலி செய்தபோது விட்டுப்போன கேசட் அது. கேசட்டாக இருந்தது சி.டி.யாகி, பிறகு மகள் ஏற்றிக்கொடுத்து போனுக்குள் போனது. இவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்து இதைக் கேட்பார். வேறு எதையும் கேட்கமாட்டார். சினிமாப் பாட்டு ஓடினால் எழுந்து போய்விடுவார். தான் வாய்விட்டுப் பாடியதும் கிடையாது.

கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டேன். சொன்னால் நன்றாக இருக்காது என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். கேசட் அட்டையில் ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான வெள்ளைக்காரர் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்பார், முகமெல்லாம் தாடி. எங்கள் வீட்டில் எனக்குத் தாடி வைத்த சக்களத்தி ஒருத்தி இருக்கிறாள் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பேன். கேலிக்குத்தான் சொன்னேன், ஆனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தில் இருந்த கனிவை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

வாதம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, ஷேவிங் செய்துகொண்டிருந்தபோது. முகத்தில் பாதி நுரையோடு கண்ணாடி முன்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவர் நினைப்பதும் சரியாகத்தான் இருக்கும், வார்த்தையாக வெளியே வராது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் முடிந்தவரை மீட்டுக்கொள்ளப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். திருநகர் வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஓசை. 'த'. பசித்தாலும் த, வலித்தாலும் த, என்னைப் பார்த்தாலும் த.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டு வந்திருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டில் பக்கத்தில் போனை வைத்து அந்த ஆல்பத்தைப் போட்டாள். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் இரண்டு குரல் கேட்டது. ஒன்று வெள்ளைக்காரருடையது. இன்னொன்று கட்டையாக, கொஞ்சம் சுருதி விலகி, அச்சு அசலாக என் வீட்டுக்காரர் குரல்.

சோப்புக் கையோடு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். முழு வார்த்தைகள். ஒன்றுகூட 'த' இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பேச்சு திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டேன். சிரித்த முகத்தோடு வாயைத் திறந்தார். த, த, த என்றார். அவருக்கே அது அதிர்ச்சி. என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வில்லாபுரத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள், செவ்வாயும் வெள்ளியும். படித்த பெண், பொறுமைசாலி. நடந்ததைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். பாட்டு மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம். தெரிந்த மெட்டில் தேவையான வார்த்தையைப் பொருத்தி, இடது கையால் தாளம் தட்டித் தட்டிப் பாட வைத்தால், நாளாக ஆக மெட்டைக் குறைத்து வார்த்தையை மட்டும் நிறுத்திவிடலாமாம். எல்லாருக்கும் வருவதில்லை, சிலருக்கு வரும் என்றாள். தமிழ்ப் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தாலாட்டிலிருந்து சாமி பாட்டு வரை சொல்லிப் பார்த்தோம், எதற்கும் அவர் வாய் அசையவில்லை. அப்போ அந்த இங்கிலீஷ் மெட்டே இருக்கட்டும், மூன்றாவது பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தாள். முதலில் என்ன வார்த்தை வேண்டும் என்று என்னைக் கேட்டாள். தண்ணி, வலி, வா, இந்த மாதிரி அன்றாடம் உதவுகிற வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

நான் என் பெயரைச் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். சார் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பச்சைப் பொய். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து என் பெயர் வந்ததில்லை. 'இந்தா' என்பார், 'இங்க பாரு' என்பார், வெளியாட்கள் முன்னால் 'வீட்ல' என்பார். ஆரம்பத்தில் மாமியார் முன்னால் கூச்சம். மாமியார் போன பிறகும் கூச்சம் போகவில்லை, அதுவே பழக்கமாகிவிட்டது. நானும் அவர் பெயரைச் சொன்னதில்லை, ஆனால் அது வேறு, பெண்கள் சொல்லமாட்டோம். ஆபீஸில் தாசில்தாரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயர் நல்ல பெயர். இவர் ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது. புருஷன் படுக்கையில் கிடக்கும்போது அந்த ஆசை தலைதூக்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எப்படியும் ஒரு வார்த்தைதான் வரப்போகிறது என்றால் அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஏழு வாரம் போனது. அந்தப் பெண் அவருடைய இடது கையைப் பிடித்துக் கட்டிலில் தட்டுவாள். மூன்றாவது பாட்டின் மெட்டில் என் பெயரைப் பாடுவாள். அவர் என்னைப் பார்ப்பார். என்ன இது, எதற்கு இது என்று கேட்கிற பார்வை. பிறகு அவள் மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறப்பார். மெட்டு சுத்தமாக வரும். என் பெயர் வர வேண்டிய இடத்தில் அந்த வெள்ளைக்காரர் எழுதிய வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை இப்படி ஒன்பது பத்துத் தடவை ஆனதும் நல்ல கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வாசல்வரை போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. படம் போட்ட அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லாத வார்த்தைய எப்படிம்மா வெளிய எடுக்குறது? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல."

செவ்வாய்க்கிழமை 'தண்ணி'யோடு வந்தாள். ஆனால் அவருக்கு வெறுத்துவிட்டது. கையைப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். 'வா' என்ற ஒற்றை எழுத்துக்குக்கூட அவர் மறுபடி முயற்சி செய்யவில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்தது. அந்தப் பெண்ணும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, முடிந்ததைச் செய்துவிட்டோம் அம்மா என்றாள். அவள் செய்தாள். நான் செய்தேனா என்பது எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கொழுந்தன் அலங்காநல்லூரிலிருந்து பைக்கில் வந்தபோது இவர் பின்பக்க அறையில் படுத்துப் பாடிக்கொண்டிருந்தார். போன்கூட ஓடவில்லை, தானாகவே பாடுவார். கொழுந்தன் நிலைப்படியில் நின்று நாலு வரி கேட்டார். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"அண்ணே நல்லாத்தான பாடுறாரு. இம்புட்டு இங்கிலீசு வருது, தமிழு வராதாக்கும்? உங்களுக்குள்ள எதும் மனத்தாங்கலா மதினி?"

மூளையில் பேச்சுக்கு ஒரு இடம், பாட்டுக்கு ஒரு இடம் என்று நான் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள், பொண்டாட்டியோடு பேசப் பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாராம். சோற்று இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் பாடிக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "அந்த வெள்ளக்காரனுக்குக் குடுக்க ஒங்களுக்கு வாயி இருக்கு. எனக்குன்னா இல்ல, அப்படித்தான?" என்று கத்திவிட்டேன். பாட்டு நின்றது. த, த என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடிக்காமல் சேலை மாற்றப் போனேன். மனுஷி செய்கிற காரியமா அது?

இந்த வருடம் மகள் ஒரு செய்தியோடு வந்தாள். அந்தப் பாடகர் பல வருடங்களுக்குப் பிறகு புது ஆல்பம் போட்டிருக்கிறாராம், அதே மாதிரி மெதுவான பாட்டுகளாம். எனக்கு ஒரு நப்பாசை. பதினோரு பாட்டு உள்ளே இருக்கிறது, அதே குரல், அதே ஆள். இன்னும் பத்துப் பாட்டு உள்ளே போனால் கதவு கொஞ்சம் திறக்காதா என்று நினைத்தேன். மகள் போனில் போட்டாள். கிடார் அப்படியே இருந்தது. குரல்தான் கிழடாகிவிட்டது. சில இடங்களில் எட்டவே முடியாமல் பாதியில் விட்டுவிட்டுப் பேசுகிறார். இவர் முதல் பாட்டைக் கண்கொட்டாமல் கேட்டார். இரண்டாவது பாட்டின் நடுவில் இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்தார். மகள் மறுபடி எடுத்தாள், மறுபடி கவிழ்த்தார். அதிலிருந்து ஒரு வரிகூட அவரிடம் ஒட்டவில்லை. மகளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பழையது வேணுமாப்பா என்று அவளே மாற்றிப் போட்டாள். அதற்குப் பாடினார்.

அதோடு நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன். அப்படி விட்ட பிறகு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. காலையில் அவரைத் துடைத்துவிட்டு, இட்லி ஊட்டிவிட்டு நான் அடுப்படிக்குப் போவேன். அவர் அறையிலிருந்து பாட்டு கேட்டால் நல்லபடியாக இருக்கிறார் என்று அர்த்தம். என் வேலையைப் பார்ப்பேன். சத்தம் இல்லாவிட்டால்தான் எட்டிப் பார்ப்பேன். கூப்பிடுவதற்கு ஒரு காலிங் பெல் தலைமாட்டில் வைத்திருந்தோம். சக்களத்தியோடு ஒரு வழியாகச் சமாதானம் ஆகிவிட்டது என்று மகளிடம் சொல்லிக்கூடச் சிரித்தேன்.

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். குக்கர் வைத்துவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறார் போல என்று நினைத்தேன். மிக்ஸி ஓடி நின்றபோதும் அதே பாட்டு. முடிக்காமல் முதல் நாலு வரியையே திரும்பத் திரும்பப் பாடினார். அந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"நீயே கேளு" என்று சொல்லி, போனை அறை இருக்கும் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அவளும் கேட்டாள். இன்னைக்கு அப்பா செம ஃபார்ம்லம்மா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நாங்கள் இருவரும் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஓனரோடு போட்ட சண்டையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. குரல் கம்மிக்கொண்டே போனதும் என் காதில் விழுந்தது. களைத்துவிட்டார், தூங்கட்டும் என்று நினைத்தேன்.

தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனபோது கட்டில் காலி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கீழே கிடந்தார். வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கன்னம் டைல்ஸில் அழுந்தியிருந்தது. பெல் கட்டிலுக்கு மேலே இருந்தது. அந்த நிலையிலும் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதே நாலு வரி.

முக்கால் மணி நேரம் என் கணவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 'த' அடுப்படிவரை கேட்காது. மிச்சம் அவரிடம் இருந்தது பாட்டுதான், அதை வைத்துக் கூப்பிட்டார். நான் அதை மகளுக்குப் போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு வாரத்தில் 'வா' என்ற ஒன்றை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். இதை நான் யாரிடம் சொல்லி ஆறுவது என்று தெரியவில்லை. மகளிடம் சொல்ல முடியாது, அவளும் சிரித்தவள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் இனி எழுந்து நிற்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். பெல்லை இப்போது அவர் மணிக்கட்டிலேயே கட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் அவர் பாடவே இல்லை. வலி என்று நினைத்தேன். பாட்டைப் போட்டாலும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெய் வைத்து வெந்நீரில் துடைத்துவிட்டேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது. போனை அவரே கண்ணால் காட்டினார். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். மூன்றாவது பாட்டில் அவர் குரல் எழுந்தது. மெலிசாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். நிலைப்படியில் கால் இடித்து நகம் பெயர்ந்தது. அறை வாசலில் மூச்சு வாங்க நின்று அவரைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், மறுபடியும் அவரைப் பார்த்தேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்த்த சுகத்தில், பாட்டுக்காகப் பாடியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பாடுகிற வாய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை, பாடுங்க, சும்மாதான் வந்தேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். நல்ல கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். போனில் பாட்டு ஓடி முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் பாடுவதில்லை. என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார். அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை காது கொடுக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பாடினால் இனிமேல் ஓடி வரமாட்டேன் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் நம்பவில்லை. ஓடி வருவேன் என்று அவருக்குத் தெரியும்.